மடைப் பங்கு

மதுரை ஆனையூர்ப் பக்கம் அடுக்குமாடி எழும்புகிற இடங்களில் சுபலட்சுமியின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் போதும், கொத்தனார்கள் கையிலிருக்கும் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிடுவார்கள். அவளுடைய வேலை சைட் சூப்பர்வைசர். அங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. "அக்கா வருதுடா, சல்லடைய எடு" என்பார்கள். சலிக்காத மணலைக் கலவையில் கண்டால் அக்காவின் வாயிலிருந்து என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த வாய் ஆனையூரில் முளைத்ததில்லை. செக்கானூரணி தாண்டி மேற்கே போனால் வருகிற வேப்பனூத்துப்பட்டியில், அந்த ஊர்க் கண்மாய்க் கரையில் முளைத்தது.

அந்தக் கண்மாய்க்கு ஒரு வழக்கம் உண்டு. கரையை ஊரிலிருக்கும் ஐந்து வகையறாவும் பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். வடக்கே ஐயனார் கோவிலடியில் தொடங்கி, தெற்கே கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வழிந்து போகிற கலுங்கு வரைக்கும், ஒவ்வொரு வகையறாவுக்கும் ஒரே நீளம். அவரவர் பங்குக்கு அவரவர்தான் மண் போட வேண்டும், அதை மிதித்து இறுக்க வேண்டும், முள் வெட்ட வேண்டும். நட்ட நடுவில், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற மடை இருக்கிற இடம் சோணை வகையறாவின் பங்கு. சோணை சுபலட்சுமியின் அப்பா. மடைப் பங்குக்காரர்களுக்கு மட்டும் ஒரு மரியாதை தனியாக உண்டு. கண்மாய் பெருகிக் கலுங்கில் மறுகால் பாய்கிற அன்று ஐயனாருக்குப் பொங்கல் வைப்பார்கள். பூசாரி முதல் பரிவட்டத்தை மடைப் பங்குக்காரர் தலையில்தான் கட்டுவார். மற்றவர்களுக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மரியாதை இருக்கிற இடத்தில் பேச்சும் இருக்குமா இல்லையா? அந்த ஊர்க் கரை எப்போது உடைந்தாலும் மடைப் பங்கில்தான் உடையும். சுபலட்சுமி பாவாடை சட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு ஐப்பசி மழையில் உடைந்தது. கதிர் வாங்கி நின்ற நெல்லெல்லாம் மணலுக்கடியில் போயிற்று. ஊர் ஒரே குரலில் பேசியது. "சோணை வகையறா சோம்பேறி வகையறா. ஒழுங்கா மிதிச்சிருந்தா ஒடையுமா? எங்க பங்கு நிக்கலையா?" பொய் என்றால் அப்படி ஒரு பொய். அந்த வருடம் சோணையும் அவர் பெண்டாட்டி சீனியம்மாளும் தங்கள் பங்கை மிதித்த மிதிக்கு அடுத்த பங்குக்காரர்கள் பாதி மிதித்திருக்க மாட்டார்கள். சுபலட்சுமி கண்ணால் பார்த்தவள். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் கூட "கரை ஒடைச்சவுக வீட்டுப் பிள்ளை" என்று பேர் வைத்தார்கள். அப்படிக் கூப்பிட்டவனின் மூக்கை அவள் உடைத்தாள். அதில் அவளுக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை.

பத்தாவது முடித்ததும் மதுரையில் பாலிடெக்னிக்கில் சிவில் சேர்ந்தாள். "பொம்பளப் பிள்ளைக்கு சிமெண்டுச் சட்டியா?" என்று கேட்டவர்களுக்குச் சோணை, "எம் மக சட்டி தூக்க மாட்டா, தூக்குறவனை வேலை வாங்குவா" என்று பதில் சொன்னார். அந்த வாய் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

இரண்டாம் வருடத்தில் ஒரு வகுப்பு. மேடம் பலகையில் ஒரு சுவரை வரைந்து, அதன் ஒரு பக்கம் தண்ணீரை வரைந்தார். தண்ணீர் சுவரை எவ்வளவு தள்ளும் என்பதைக் காட்ட அம்புக்குறிகள் போட்டார். மேலே, தண்ணீர் மட்டத்தில் ஒன்றுமே இல்லை. கீழே இறங்க இறங்க அம்பு நீண்டுகொண்டே போனது. அடிமட்டத்தில் இருப்பதுதான் எல்லாவற்றிலும் நீளம். அம்பு நுனிகளைச் சேர்த்தால் ஒரு முக்கோணம். ஆழம் இரண்டு மடங்கானால் அந்த முக்கோணம் நாலு மடங்காகிவிடும் என்றார் மேடம். தண்ணீர் பின்னால் எவ்வளவு தூரம் பரந்து கிடக்கிறது என்பதைச் சுவர் கண்டுகொள்ளாது, எவ்வளவு ஆழம் நிற்கிறது என்பதுதான் அதற்குக் கணக்கு என்றார்.

சுபலட்சுமி எழுந்து, "மேடம், கண்மாய்க் கரைக்கும் இதேதானா?" என்று கேட்டாள்.

"அணைன்னா என்ன, கண்மாய்ன்னா என்னம்மா? தண்ணிக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

பஸ்ஸில் ஊர் திரும்பும்போது அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. மடை என்பது கண்மாயிலேயே ஆழமான இடத்தில் இருப்பது. அங்கே தண்ணீர் இரண்டு ஆள் உயரம் நிற்கும். ஐயனார் கோவிலடியில் இடுப்பளவு நின்றால் பெரிது. எல்லாருக்கும் ஒரே நீளம், ஒரே மண், ஒரே கனம் என்று பங்கு பிரித்த கரையில் முதலில் எது உடையும்? மடைப் பங்குதான் உடையும். யார் மிதித்தாலும் உடையும். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அய்யா, நம்ம கரை ஒடைஞ்சது நம்ம சோம்பேறித்தனத்தால இல்லய்யா. அங்க தண்ணி தள்ளுறது அம்புட்டு."

சோணை சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நம்ம மேல தப்பு இல்லையா தாயி?"

"இல்லய்யா."

அவர் மறுபடி ஒரு கரண்டி சோறு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாள் டீக்கடையில் போய் மகள் சொன்னதைச் சொல்லியிருக்கிறார். கடையே சிரித்ததாம். "கரைய ஒடைச்சுட்டு காலேசுல போயி சாக்கு வாங்கிட்டு வந்திருக்காக" என்று. சோணை டீயைக் குடிக்காமல் வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வருடங்கள் ஓடின. சுபலட்சுமி அருள்பாண்டியைக் கட்டிக்கொண்டாள். அவன் மாட்டுத்தாவணிக் காய்கறி மார்க்கெட்டில் வேலை பார்க்கிறவன், சாது. சீனியம்மாள் காலமான பிறகு அப்பாவைத் தனியே விட மனமில்லாமல் இருவரும் வேப்பனூத்துப்பட்டிக்கே வந்து குடியிருந்தார்கள். ஆனையூருக்குத் தினமும் ஸ்கூட்டர்தான்.

இப்போதுதான் கண்மாய்க் கரையைப் பலப்படுத்த அனுமதி வந்தது. ஊர் மக்களே வேலையைச் செய்துகொள்ளலாம் என்று ஏற்பாடு. பொதுப்பணித்துறையிலிருந்து வந்த இளம் பொறியாளர் வரைபடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் மடைப் பங்கில் கரையின் அடி அகலம் மற்ற இடங்களைவிட மிக அதிகம் என்று தெளிவாகவே போட்டிருந்தது. ஊரார் அதை மடித்துச் சமுதாயக்கூட அலமாரியில் பத்திரமாக வைத்தார்கள். மண் பிரிக்கிற பொறுப்பு டிராக்டர் கருப்புவிடம் போனது. ஐயனார் கோவிலடிப் பங்கு அவருடைய வகையறாவுக்கு உரியது. ஆள் கெட்டவர் இல்லை, நியாயவாதி. அதுதான் சிக்கலே. கண்மாய்க்குள்ளிருந்து தோண்டுகிற களிமண்ணை ஐந்து வகையறாவுக்கும் ஒரு டிராக்டர் கூடாமல் குறையாமல் சமமாகப் பிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் சுபலட்சுமி எழுந்தாள்.

"கருப்பண்ணே, இது பந்திச் சாப்பாடு இல்ல, ஆளுக்கு ஒரு எலைன்னு போட. மடைப் பங்குக்கு மண்ணு மூணு மடங்கு வேணும். அடியில அகலமாப் போட்டுக் கட்டணும். கோவிலடிக்கும் கலுங்கடிக்கும் இம்புட்டு மண்ணு வேண்டியதே இல்ல."

கூட்டம் கசமுசாவென்றது. பின்னாலிருந்து யாரோ, "கட்டிக் குடுத்த பிள்ளைக்குப் பங்குல என்ன பேச்சு?" என்றார்கள். கருப்பு கையமர்த்தினார்.

"இரு தங்கச்சி. கோவிலடியில நின்னு மேற்க பாரு. எம்புட்டுத் தூரம் தண்ணி? கண்ணுக்கு எட்டுன மட்டும் தண்ணி. அம்புட்டும் எங்க பங்கு மேலதான சாயுது? எங்களுக்குல்ல மண்ணு கூட வேணும்?"

நிறையத் தலைகள் ஆடின. சுபலட்சுமிக்கு அந்த வகுப்பு ஞாபகம் வந்தது. ஆனால் முக்கோணம் போட்டுக் காட்டினால் இங்கே எடுபடாது என்று அவளுக்குத் தெரியும். மறுபடியும் டீக்கடைச் சிரிப்புதான் மிஞ்சும். கூட்டத்திலிருந்தவர்களைப் பார்த்தாள். எல்லாரும் கிணற்றிலும் கண்மாயிலும் குதித்து வளர்ந்தவர்கள்.

"அண்ணே, பெரிய கெணத்துல தரை தொட்டுட்டு வர முங்கியிருக்கீகளா?"

"முங்காம?"

"காது என்ன செஞ்சுச்சு?"

"குடைஞ்சு எடுக்கும். அடி போகப் போக உசுர் போயிரும்."

"சரி. மடையத் தொறக்க கண்மாய்க்குள்ள முங்குனப்ப?"

"அதே வலிதான்."

"கெணறு இத்துனூண்டு. கண்மாய் கண்ணுக்கு எட்டுன மட்டும். கண்மாய்ல வலி கூட இருந்துச்சா?"

கருப்பு காதைத் தடவினார். "இல்லையே."

"கண்மாய்க்குள்ள கரையோரமா இடுப்பளவுத் தண்ணியில உக்காந்து முங்குனா?"

"அங்க என்ன வலிக்கும்?"

"பின்ன? தண்ணி எம்புட்டுத் தூரம் கெடக்குன்னு காதுக்குத் தெரியாது. எம்புட்டு ஆழம்னுதான் தெரியும். கரைக்கும் அதே காதுதான்ணே. ஒங்க பங்கு இடுப்பளவுத் தண்ணியில உக்காந்திருக்கு. மடைப் பங்கு கெணத்தடியில முங்கிக்கிட்டு நிக்குது. ரெண்டுக்கும் ஒரே மண்ணைக் குடுத்துட்டு நியாயம்ங்கிறீக!"

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. ராமக்காள் என்கிற வயசாளி, "பிள்ள சொல்றது வாஸ்தவம்தானப்பா, நான் முங்கி முங்கித்தான காது மந்தமாயிட்டேன்" என்றார். சோணை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் முதுகு நிமிர்ந்திருந்ததைச் சுபலட்சுமி பார்த்தாள்.

கருப்பு தலையைச் சொறிந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "வலி நெசந்தான். ஒத்துக்கிறேன். ஆனா தங்கச்சி, நல்லா யோசிச்சுப் பாரு. நாலு வகையறா பங்குல மண்ணக் கொறச்சு உன் வகையறா பங்குல கொட்டணுங்கிற. நாளைக்கு அதே பங்குல நின்னு முதப் பரிவட்டத்தையும் நீங்களே கட்டிக்கிருவீக. ஊரு மண்ணு, ஒங்க பேரு. நான் இத எம் வகையறாகிட்ட எப்படிப் போயிச் சொல்ல? மண்ணு வேணும்னா பங்க மாத்து. மடைப் பங்க நாங்க எடுத்துக்கிறோம், நீ சொல்ற மாதிரியே கட்டுறோம். நீங்க கோவிலடிக்கு வாங்க."

இதைச் சொன்னால் அவள் பின்வாங்கிவிடுவாள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ஊரும் அப்படித்தான் நினைத்தது. மடைப் பங்கை யாராவது விடுவார்களா? கூட்டத்தின் கண்ணெல்லாம் சோணையிடம் போனது. சோணை வாய் திறக்கும் முன் சுபலட்சுமி சொல்லிவிட்டாள்.

"குடுத்தாச்சு. எடுத்துக்கங்க. மண்ணை மட்டும் கொறைக்காதீக."

சோணை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அவள் வீட்டுக்குப் போனபோது அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரும்பாமலேயே கேட்டார்.

"ஒடைஞ்சப்ப எல்லாம் பேச்சு வாங்குனது நாம. நிக்கப் போறப்ப பரிவட்டம் அவனுக்கா?"

அப்பா கேட்டதில் ஒரு சொல் தப்பு இல்லை. தன்னுடையதை விட்டுக்கொடுக்க யாருக்கும் உரிமை உண்டு. அவள் விட்டுக்கொடுத்தது அவருடையதை. அருள்பாண்டி இடையில் புகுந்து, "மாமா, கரை ஒடையாம நின்னா நமக்கும் நல்லதுதான" என்றான். "நீ வாய மூடுப்பா" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து சோணை மகளோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுவார். அவ்வளவுதான்.

மனசு எரிந்தால் சுபலட்சுமி வேலையில் காட்டுவாள். ஆனையூரில் ஒரு மாசம் லீவு போட்டாள். கரையில் கருப்பு வகையறாவை அவள் வாங்கிய வேலை இருக்கிறதே! முதல் நாளே டிராக்டர் மண்ணை மேலே மேலே குவித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, இது கரையா, கல்யாண மேடையா? மேல அகலமாப் போட்டு யாரு ஒக்காரப் போறா? தண்ணி தள்ளுறது கீழ. மண்ணைக் கீழ போடுங்க."

ஒரு சாண் மண் பரப்பு, தண்ணீர் தெளி, ரோலரை ஓட்டு, பிறகுதான் அடுத்த சாண். வேர் கிடந்தால் பொறுக்கு, கட்டி கிடந்தால் உடை. கருப்பு முதலில் முணுமுணுத்தார். "ஏத்தா, மண்ணுக்குக் கூடவா பக்குவம் பாப்ப, இட்லி மாவு மாதிரி?" என்றார். சில நாளில் அவரே ரோலர்காரனை, "இன்னொரு தடவ ஓட்டுடா, தங்கச்சி வந்தா என்னையத்தான் வையும்" என்று விரட்ட ஆரம்பித்தார். கரை அடியில் அகன்று, மேலே ஒடுங்கி, பார்க்கவே தெம்பாக எழுந்தது. கோவிலடியில் தன் வகையறாவுக்கு வந்த புதுப் பங்கைச் சோணை ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. அங்கே ஆள் விட்டு வேலை முடித்ததும் சுபலட்சுமிதான்.

கார்த்திகையில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. கால்வாயிலும் தண்ணீர் வந்தது. கண்மாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறியது. ஊருக்குச் சந்தோஷம் பாதி, பயம் பாதி. உடைகிறதாக இருந்தால் இப்படி ஒரு நேரத்தில்தான் உடையும். மழை விட்ட ஒரு காலையில் ஊரே மடைப் பங்கில் கூடி நின்றது. கலுங்கு வழிய ஒரு சாண் மட்டும் பாக்கி வைத்துத் தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது. சுபலட்சுமி வெளிப்பக்கம், கரையின் அடியைப் பார்த்தபடி நின்றாள். கசிந்தால் அங்கேதான் கசியும். தான் சொன்னது தப்பாகிப் போனால் பரிவட்டமும் போய், பங்கும் போய், பேரும் போய், அப்பா முகத்தில் எப்படி முழிப்பது?

அப்போதுதான் சோணை வந்தார். யாரையும் பார்க்காமல் கரைச் சரிவில் பக்கவாட்டாக இறங்கினார். அடியில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கரையின் காலில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி வைத்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அப்படியே போனார். கையைப் பார்த்தார். மேல்மழை ஈரம் தவிர ஒன்றுமில்லை. உள்ளே மண் கெட்டியாக, அசையாமல் இருந்தது. மேலே ஏறி வந்து, பரிதவித்து நின்ற கருப்புவின் தோளில் கை வைத்தார்.

"நல்லா மிதிச்சிருக்கப்பா" என்றார்.

அந்த ஒரு சொல்லைக் கேட்க அவர் எத்தனை காலம் காத்திருந்தார் என்று சுபலட்சுமிக்குத் தெரியும். அவருக்கு யாரும் சொன்னதில்லை. இன்றைக்கு அவர் வாயால் இன்னொருத்தனுக்குச் சொல்கிறார். அவள் அவ்விடத்தில் நிற்க முடியாமல் கலுங்குப் பக்கம் நடந்துவிட்டாள்.

இரண்டொரு நாளில் கலுங்கில் மறுகால் பாய்ந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். பொங்கல் பொங்கியது. பூசாரி முதல் பரிவட்டத்தைக் கருப்புவின் தலையில் கட்டினார். முறை அதுதான், கரையும் அவர் பங்கு. கருப்புவுக்கே முகம் கொஞ்சம் கூசியது போலிருந்தது. சோணை கும்பிட்டபடி நின்றார். திருநீறு வந்தபோது நெற்றி நிறைய வாங்கிப் பூசிக்கொண்டார். சுபலட்சுமி நாலைந்து அடி தள்ளிப் பெண்களோடு நின்றாள். அவளைப் பார்க்க அவர் திரும்பவில்லை.

வரைபடம் கொடுத்த இளம் பொறியாளரும் அன்று வந்திருந்தார். கரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்துவிட்டு, அசந்து போய்க் கலுங்கடியில் வந்து நின்றார். பங்கு வழக்கத்தைப் பற்றி யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். பக்கத்திலிருந்த சோணையிடம் மரியாதையாகக் கேட்டார்.

"பெரியவரே, இதுல உங்க பங்கு எது?"

சோணை கையை நீட்டினார்.

"அந்தா, ஐயனார் கோவில் தெரியுதுல்ல தம்பி? அங்கன இருந்து, இந்தா இந்தக் கலுங்கு வரைக்கும்."

பொறியாளர் குழம்பினார். "அது முழுக் கரையாச்சே?"

"ஆமா" என்றார் சோணை. குரல் ஊருக்கே கேட்டது. "முழுக் கரையும்தான். கட்டுனது எம் மக."

பரிவட்டத்தோடு பக்கத்தில் நின்ற கருப்பு, "ஆமா சார்" என்றார்.